அரைத்து வைத்த மாவு

இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்கும் உத்தமபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் அதிக தூரமில்லை. அந்தக் காற்றுதானோ என்னவோ, என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடார் பைத்தியம். காலேஜ் முடித்த கையோடு பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் வாங்கி வந்துவிட்டான்.

போன வருஷம் என் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தார். ராத்திரி கொஞ்சம் கண்ணயர்ந்தால்தான் வலி மறப்பார். அந்த நேரம் பார்த்து இவன் ஆம்ப்பைப் போட, "அப்பத்தா உசுரு பெருசா, ஒன் பாட்டு பெருசா?" என்று கத்திவிட்டேன். மறுபேச்சில்லாமல் ஆம்ப்பைத் துணி போட்டு மூடினான். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். காதில் ஹெட்போன், மடியில் கிடார், எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். எனக்குக் கேட்டதோ கம்பியின் 'டிக் டிக்' மட்டும்!

"கிடார்லருந்து வர்ற வெறும் சிக்னலை மட்டும் பதிஞ்சு வெக்கிறேம்மா. ஆம்ப் மாதிரி சத்தத்தை ஒரு சாஃப்ட்வேர் என் காதுக்கு மட்டும் குடுக்கும். பின்னாடி அந்தப் பதிவையே நெஜ ஆம்ப்ல விட்டு, மைக் வெச்சுத் திரும்பப் பதியலாம். ரீ-ஆம்ப்பிங்னு பேரு. நீ மாவ அரைச்சு வெச்சுட்டு, இட்லியா தோசையான்னு அப்புறம் முடிவு பண்ணுவீல்ல, அது மாதிரி!"

"சாஃப்ட்வேரே போதுமேடா?"

"நெறையப் பேருக்குப் போதும். மிக்ஸி இருந்தும் நீ அம்மியத் தேடுறேல்ல?"

மாமியார் வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சுருளிப்பட்டியில் என் தம்பியின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே மோட்டார் ரூமில் ஆம்ப்பை வைத்தான். கம்ப்யூட்டரிலிருந்து வரும் சிக்னல் கிடாருடையதைவிட வலுவானதாம். அதைக் கிடார் அளவுக்குக் குறைத்து ஆம்ப்புக்குக் கொடுக்க, ரீ-ஆம்ப் பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டியை நடுவில் மாட்டினான். ஆம்ப்புக்கு முன்னால் மைக்கை நிறுத்தினான்.

கிடார் உறைக்குள் இருக்க, அவன் கைகட்டி நிற்க, ஆம்ப் மட்டும் பாடியது! குமிழைத் திருகினால் கரகரப்பு. மைக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் குழைவு. சத்தம்தான் மாறியது, வாசித்த விரல் அதேதான்.

"இது நீ என்னைய வஞ்ச அன்னிக்கு ராத்திரி வாசிச்சதும்மா" என்றான், சிரித்துக்கொண்டே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதையா நிப்பாட்டச் சொன்ன? ஒறக்கம் வராத ராத்திரியெல்லாம் நான் கேட்டுக்கிட்டே கெடந்திருப்பேனே!"

அவரை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே!

சகோதரிகளே, நோயாளிக்காக நாம் சட்டம் போடுமுன் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். ஹெட்போன் போடும் பிள்ளைகளிடம் சத்தத்தைக் குறைத்து வைக்கவும் சொல்லுங்கள். கெட்ட காது திரும்பி வராது. இப்போது எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கச்சேரி. முன் வரிசையில் அப்பத்தாதான்!