மண்ணுக்கு வில்லங்கம் பார்த்தாச்சா?

யானைக்கவுனியில் யானை கிடையாது. கவுனியும் கிடையாது! கவுனி என்றால் கோட்டை வாசல். 18-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டினான். அதில் ஒரு வாசல் இது. கட்டிய செலவை ஜனங்களிடம் வரியாகக் கறக்கப் பார்த்தான், பாச்சா பலிக்கவில்லை. மதிலும் வாசலும் போன பிறகும், வசூலாகாத அந்த வரியின் பெயர் மட்டும் ‘வால்டாக்ஸ் ரோடு’ என்று நின்றுவிட்டது. (வ.உ.சி. சாலை என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்... முழிப்பார்!)

இடித்துத் தள்ளினாலும் பெயர் போகாது, சரி. வேறென்னவெல்லாம் போகாமல் தங்கும்? அந்தக் கேள்வியோடு வடக்கே நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் பேசின் பிரிட்ஜ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலக்கரியை எரித்து மெட்ராஸுக்கு மின்சாரம் தந்த நிலையம் இங்கேதான் இருந்தது. 1990-களில் கேஸ் டர்பைன் வந்தது. அங்கிருந்து புளியந்தோப்பு வழியாகப் பட்டாளம் போனால் பின்னி மில். பக்கிங்ஹாம் மில் 1876-ல் ஆரம்பித்தது. 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது இந்தத் தொழிலாளர்களால்தான். பின்னி காக்கிக்கு ஊரெல்லாம் பெயர். 1996-ல் மில் மூடியது. அப்புறம் கொஞ்ச காலம் சினிமா வில்லன்களின் குடோனாக வேலை பார்த்தது. இப்போது அங்கே அடுக்குமாடிகள்.

வடசென்னையில் பழைய தொழிற்சாலை இடம் ஒன்றில் ஃப்ளாட் வாங்க அலைகிற ஆபீஸ் நண்பர் கூடவே வந்தார். தாய்ப் பத்திரம் பார்த்தாச்சு, முப்பது வருஷ வில்லங்கம் போட்டாச்சு, லோன் ரெடி. “மண்ணுக்கு டெஸ்ட் பண்ணாங்களா?” என்றேன். உடனே புரோக்கருக்கு போன் போட்டார். “சாயில் டெஸ்ட் பக்கா ஸார்! இருபது மாடி தாங்கும்!”

இங்கேதான் சூட்சுமம். அந்த டெஸ்ட், மண் எத்தனை பாரம் தாங்கும் என்றுதான் சொல்லும். இத்தனை வருஷம் அது எதைக் குடித்தது என்று சொல்லாது. அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. முதல் வேலை, கதை கேட்பது! பழைய வரைபடம் எடுத்து, ரிடையரான தொழிலாளியை உட்கார வைத்து, பாய்லர் எங்கே, சாய டிரம் கழுவின இடம் எங்கே, கழிவைக் கொட்டின பள்ளம் எங்கே என்று விசாரிக்க வேண்டும். காக்கிச் சாயத்துக்கு உலகம் பூரா ஒரு காலத்தில் இரும்பு, குரோமிய உப்புகளைப் பயன்படுத்தினார்கள். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக் இருக்கும். எதைத் தேடுவது என்று தெரிந்தால்தானே தேட முடியும்? அப்புறம் துளை போட்டு, ஆழம் ஆழமாக மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். கான்கிரீட் தரை போட்ட குடோனுக்குப் பரவாயில்லை என்கிற மண், குழந்தை உட்கார்ந்து விளையாடும் இடத்துக்கு ஆகாது. ரொம்ப மோசமென்றால் தோண்டி எடுத்து, கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுக்கென்றே இருக்கிற காப்புக் குழிக்கு லாரியில் அனுப்ப வேண்டியதுதான். செலவு பிடிக்கும்.

(இன்ன மில்லில் விஷம் இருக்கிறது என்று நான் கிளப்பிவிடவில்லை. பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன்.)

அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் ஊரில் ‘லவ் கேனால்’ என்று ஓர் இடம். பெயரில்தான் காதல்! ரசாயனக் கம்பெனி ஒன்று ஏறக்குறைய 20 ஆயிரம் டன் கழிவைப் புதைத்து மூடி, 1953-ல் அந்த நிலத்தைப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. அடியில் ரசாயனம் இருப்பதும், தான் பொறுப்பில்லை என்பதும் பத்திரத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடம் வந்தது. சுற்றி வீடுகளும் வந்தன. 1978-ல் நெருக்கடி நிலை அறிவித்து, நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் காலி செய்ய வைத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2013-ல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் பெட்ரோலிய எண்ணெய் கலந்து வந்தது. காரணம், நிலத்தடி எண்ணெய்க் குழாயில் கசிவு. ரசத்தின் மேல் நெய் மிதக்கிற மாதிரி எண்ணெய் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். மழைக்கு நீர் ஏறினால் அதுவும் ஏறும். கோடையில் இறங்கினால் போகிற வழியெல்லாம் மண்ணில் அப்பிக்கொண்டே இறங்கும். அதனால்தான் உறிஞ்சி எடுப்பது ஒரு நாளில் முடிகிற காரியமில்லை. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. சந்தேகப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட வேண்டும். கெடுத்தவனே சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். நல்ல காரியம். ஆனால் அதற்குள் நாடு முழுக்க அடையாளம் கண்டிருந்த 103 இடங்களில் வேலை ஆரம்பித்திருந்தது வெறும் ஏழில்!

நண்பர் புரோக்கருக்கு மறுபடி போன் போட்டார். “முன்னாடி அங்கே என்ன கம்பெனி ஸார் இருந்தது? கழிவை எங்கே கொட்டினாங்க?”

எதிர்முனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. “இதுவரைக்கும் யாருமே கேக்கல ஸார்... விசாரிச்சுச் சொல்றேன்.”

நண்பர் அட்வான்ஸ் செக்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.