கோபுரம் வைத்த தீயணைப்பு நிலையம்

தாம்பரத்தில் வழி கேட்பவருக்கு ரயில் நிலையத்தையோ சானடோரியத்தையோ கிறித்துவக் கல்லூரியையோ யாரும் சட்டென்று கைகாட்டிவிடுவார்கள். தீயணைப்பு நிலையம் என்றால் மட்டும் சற்று யோசிப்பார்கள். 101 மனப்பாடமாக இருக்கிறது. கட்டடம் மனதில் இல்லை. எண் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பது என் கட்சி. ஃபயர் சர்வீஸ் இருக்கும் இடம் ஊரார் கண்ணில் படும்படி, அந்த வேலைக்கென்றே கட்டியதாக இருக்க வேண்டும்.

சென்னை நகரத்துக்கென்று தீயணைப்புப் படை அமைந்தது 1908-ல். அதே சமயத்தில், நம்மவர்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரின் ஹில் ஸ்ட்ரீட்டில் மத்தியத் தீயணைப்பு நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. 1909-ல் முடிந்த அந்தக் கட்டடம் செங்கல் சிவப்பும் வெள்ளைப் பட்டையுமாக இன்றும் நிற்கிறது. பகட்டுக்குக் கட்டியது போலத் தெரியும். ஆனால் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை இருந்தது. கீழே வரிசையாக அகன்ற வாசல்கள்: மணி அடித்ததும் ஒரு வண்டிக்கு இன்னொன்று காத்திராமல் நேரே தெருவில் இறங்கலாம். தொடக்கத்தில் அவை குதிரை வண்டிகள். வீரர்களின் குடியிருப்பு மாடியிலேயே. உச்சியில் கோபுரம். அதில் ஏறி நின்றால், தாழ்ந்த ஓட்டு வீடுகள் நிறைந்த அன்றைய ஊரில் எங்கே புகை கிளம்பினாலும் தெரியும். கோபுரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்தக் காலத்துத் தண்ணீர்க் குழாய் கித்தான் துணியால் நெய்தது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிப்போகும். அடுத்த தீயின்போது அழுத்தம் ஏறியதும் கிழியும். ஆகவே அணைத்துவிட்டு வந்த கையோடு குழாய்களைக் கோபுரத்துக்குள் நெடுக்கத் தொங்கவிட்டு வடிய வைப்பார்கள். ஊருக்கே அழகாகத் தெரிந்த கோபுரம், உள்ளே ஒரு துணி உலர்த்தும் கொடி!

அது வெள்ளைக்காரன் தன் வணிகர்களின் கிடங்கைக் காக்கக் கட்டியது, நமக்கென்ன என்பார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், பலன் பக்கத்துச் சந்துக்காரருக்கும் கிடைத்தது. புகையைத் தேடிப் பார்க்கும் காலம் மலையேறிவிட்டது, செயற்கை இழைக் குழாய்க்கு அத்தனை உலர்த்தலும் வேண்டாம் என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஒப்புக்கொள்கிறேன், கோபுரத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் சிங்கப்பூர்க்காரர்கள் அந்தக் கட்டடத்தை இடிக்கவில்லை. 1998-ல் தேசிய நினைவுச்சின்னமாக்கினார்கள், 2001-ல் உள்ளேயே ஒரு காட்சியகம் திறந்தார்கள், வண்டிகளையும் அங்கிருந்தே அனுப்புகிறார்கள். பழைய கட்டடத்தில் இன்றைய வேலை நடக்காது என்ற வாதம் அங்கே எடுபடாது. பணத்தைக் கருவிக்குச் செலவிடலாமே என்றால், நிலையம் அமையும் இடமும் ஒரு கருவிதான். பின்தெருவில் இருந்து கிளம்பும் வண்டி, தெருமுனை திரும்பவே திணறினால், அதிலுள்ள ஏணி எத்தனை நீளம் என்பதால் என்ன பயன்?

தென்சென்னைப் புறநகருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பல நகராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் தனித்தனியே வளர்ந்து, 2021-ல்தான் தாம்பரம் மாநகராட்சியாகச் சேர்ந்த பகுதி இது. மனை போட்டு விற்றவர்கள் விட்ட தெருக்களில் பெரிய வண்டி திரும்ப இடமில்லை. ஏரிகள் நடுவே வீடுகள் வந்துவிட்டதால் பாம்பு பிடிக்கவும் தீயணைப்பு வீரர்களையே கூப்பிடுகிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது வீடுகளில் சிக்கியவர்களைப் படகில்தான் மீட்க வேண்டியிருந்தது. சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் செல்பேசி செத்துக் கிடந்த நாட்கள் அவை. எண் மட்டும் தெரிந்தவருக்கு அன்று எதுவும் தெரியாத மாதிரிதான். கட்டடம் தெரிந்திருந்தால் தண்ணீர் ஏறாத தெருவிலிருந்து ஒருவராவது நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம்.

மாநகராட்சிக்கும் துறைக்கும் ஒரு வேண்டுகோள். சேலையூர்ப் பக்கமோ பெருங்களத்தூர்ப் பக்கமோ அடுத்த நிலையத்துக்கு நிலம் ஒதுக்கும்போது, வேறெதற்கும் உதவாத மூலைப் புறம்போக்கைத் தள்ளிவிடாதீர்கள். பெரிய சாலையைப் பார்த்த, வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தைக் கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் போகும்போதே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி கட்டுங்கள்.