மூடுபனி மலையில் ஒரு கூடார இரவு

வெண்பனி பொழியும் நாடுகளிலே இளைஞர்கள் ஜீப் வண்டியில் கூடாரத்தையும் உணவையும் ஏற்றிக்கொண்டு, தார் வீதி முடியுமிடத்துக்கு அப்பால் சென்று, பனியின் நடுவே ஓரிரவைக் கழித்து மீள்வதை வீர விளையாட்டாகக் கொள்கின்றனர். இலங்கைத் தீவில் வெண்பனி பொழிவதில்லை. ஆயினும், அத்தகைய பயணத்தின் முதற்பாடங்களைக் கற்பிக்கவல்ல மலையொன்று நம் மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறது. அதுவே நக்கிள்ஸ் மலைத்தொடர்.

இறுக மூடிய கையின் விரல் மொளிகளைப் போன்று சிகரங்கள் தோன்றுவதால் ஆங்கிலேயர் இப்பெயரை இட்டனர். இதன் மிக உயர்ந்த சிகரமாகிய கொம்பானிய 1906 மீற்றர் உயரமானது. மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010இல் இது உலக மரபுரிமைச் சொத்தாகியது. மாத்தளை நகரிலிருந்து றத்தோட்டை வழியாக ஏறும் வீதி ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புறவுக்கு இறங்குகிறது. கணவாயில் வீசும் காற்றின் வலிமையை, அங்கே குறுகி வளைந்து நிற்கும் மரங்களே எடுத்துரைக்கும்.

புதிதாகப் புறப்படுவோர் முதலில் காலத்தைத் தேர்தல் வேண்டும். பெப்ரவரி நடுப்பகுதி தொடக்கம் மார்ச் முடிவு வரை பெரும்பாலும் மழை குறைவு. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையுள்ள மாதங்களைத் தவிர்ப்பதே நன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் விளைத்த மண்சரிவுகளை நாம் மறத்தலாகாது. எனவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை அறிந்து, வீதியின் நிலையை விசாரித்து, வனத் திணைக்களத்தின் அனுமதியையும் பெற்ற பின்னரே புறப்படுக.

அடுத்தது வண்டி. நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப் எதற்கும் அஞ்சாதென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வியக்கம் வண்டியை மேலேற்ற உதவுமேயன்றி, வழுக்கும் இறக்கத்தில் நிறுத்த உதவாது. ஆகையால் தாழ்ந்த கியரிலேயே இறங்குதல் வேண்டும். பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறி வலுவிழக்கும். வெண்பனி பள்ளத்தை மறைப்பதுபோல மூடுபனி வளைவை மறைக்கும். அப்போது விளக்கைத் தாழ்த்தியே செலுத்துக. உயர்த்திய ஒளி பனியிற் பட்டு நம் கண்ணையே கூசச் செய்யும். பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்தலும், இரு வண்டிகளாகச் செல்லுதலும் உத்தமம்.

ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் வெப்பம் குறைகிறது. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால், நீர் உறையாத குளிரிலும் உடல் ஆபத்தான அளவு குளிர்ந்துவிடும். ஆதலால் மாற்றுடையையும் கம்பளியையும் நீர் புகாத பையிற் கட்டிவைக்க வேண்டும். ஓடைப் படுக்கையில் கூடாரம் அடித்தலாகாது. குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தினுள் கரியடுப்பு மூட்டுவது உயிருக்கே உலை வைக்கும். அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

இனி, வீதியை விட்டு வண்டியை இறக்கும் ஆசையைப் பற்றி ஒரு சொல். இலுக்கும்புறவுக்கு அருகிலுள்ள பிட்டவல பத்தனைப் புல்வெளி, பாறைமேற் படிந்த மெல்லிய மண்ணிலே வாழ்கிறது. அங்கே டயர் கீறிய வடு எளிதில் ஆறாது. இம்மலையன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத பாறைத் தவளை இனமொன்றும் இங்கு வாழ்கிறது. ஆகவே அனுமதிக்கப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, அப்பால் நடந்து செல்வதே முறை.

மாத்தளை மலைகளின் குளிரை அறிந்த தமிழர் பலர் உல்லாசப் பயணிகளாக வந்தவரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்தோருள் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். காத்திருக்கவோ திரும்பிச் செல்லவோ அவர்களுக்கு வழியிருக்கவில்லை. நமக்கோ இரண்டும் உண்டு. மழை இருண்டு வருமாயின், கூடாரத்தை விரிக்காமலே வண்டியைத் திருப்புக. மலை எங்கும் போய்விடாது. அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.