மைனஸ் 105

சிட்னியின் மேற்கே, வெண்ட்வொர்த்வில் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது அந்தப் பழுது பார்க்கும் கடை. ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை. வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. இந்தப் பக்கத்து வெயிலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இங்கிருந்து மேற்கே போனால் வரும் பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 பாகை பதிவானது. கோடையில்தான் தனக்கு வேலை அதிகம் என்றார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்த டெக்னீஷியன். அறை சூடானால் லேப்டாப்பின் மூச்சும் சூடாகும்.

மேசையில் கிடந்தது ஒரு மாணவனின் கேமிங் லேப்டாப். 2019இல் வந்த இன்டெல் கோர் ஐ7-9750எச், ஆறு கோர். விளையாட்டு தொடங்கிச் சில நிமிடங்களில் படம் விட்டுவிட்டு ஓடுகிறது என்பது முறையீடு. சோதனையில் சூடு 98 பாகைக்கு ஏறியது, வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்தது. 100 பாகையை நெருங்கினால் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"வோல்ற்றேஜைக் குறைக்கலாமோ, அங்கிள்?" என்று கேட்டான் பையன். எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறான்.

"பொறு தம்பி. முதல்ல தூசியை எடுப்பம். மற்றது பிறகு."

அடிமூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் படலம், சின்னத் துண்டுக் கம்பளி போல. இடுக்கியால் பிடித்து இழுத்தார். முழுசாக ஒரே துண்டாக வந்தது. சில்லின் மேல் காய்ந்துபோயிருந்த பேஸ்டை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தார். புதிய பேஸ்டை அரிசியளவு வைத்து, திருகாணிகளை எதிரெதிராக முடுக்கினார். திரும்ப ஓடவிட்டால் 84 பாகை, 3.1 கிகாஹெர்ட்ஸ். பாதி நோய் தீர்ந்தது. வோல்டேஜைக் குறைக்கச் சொல்லி வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இந்தத் துடைப்புதான் என்பது என் எண்ணமும்கூட.

இனி சூடு தடையில்லை. 45 வாட் என்ற வரம்புதான் தடை. அங்கேதான் வோல்டேஜ் வேலைக்கு வருகிறது. ஓடும் சில்லு செலவழிக்கும் மின்திறன், அதன் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் இருமடியோடும் ஏறும். அதே வேகத்தில் 1.2 வோல்ட்டை 1.1 ஆக்கினால், இந்தச் செலவு ஏறத்தாழ 16 சதவீதம் குறையும். மிச்சமானதைச் சில்லு வேகமாக மாற்றிக்கொள்ளும்.

அப்படியானால் கம்பெனியே ஏன் குறைத்துக் கொடுப்பதில்லை? ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டிய சில்லுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வயது, கடும் சூடு, திடீர்ச் சுமை எல்லாவற்றையும் தாங்க வேண்டுமே என்று கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். அந்தக் கூடுதலில் இந்த ஒரு சில்லுக்கு எவ்வளவு தேவையில்லை என்று தேடுவதுதான் இவருடைய தொழில்.

த்ராட்டில்ஸ்டாப் என்ற சிறிய நிரலைத் திறந்தார். கோருக்கும் கேஷுக்கும் ஒரே அளவில் 50 மில்லிவோல்ட் கீழே. பிறகு பத்துப் பத்தாக. ஒவ்வொரு படிக்கும் இருபது நிமிடம் சினிபெஞ்ச் என்ற சுமைச் சோதனை. கணினி தொடங்கும்போதே நிரலும் தொடங்கும்படி இப்போது வைப்பதில்லை. உறைந்து நின்றாலும் அணைத்துப் போட்டால் பழைய வோல்டேஜிலேயே எழும். மூன்று மணி நேரம் பெரும்பாலும் காத்திருப்புதான். நடுவில் தேநீர் வந்தது.

"எரிஞ்சு போகாதோ?" என்றான் பையன், மூன்றாம் முறையாக.

"குறைச்சா எரியாது, நிண்டுபோகும். ஆனா நீ எழுதிக்கொண்டிருக்கிற அசைன்மென்ற் போகலாம். அதுதான் பயம்."

110 வரை சத்தமில்லை. 120இல் திரை நன்றாகவே இருந்தது. ஆனால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வியா-லாகர் என்ற பெயரில், 19 என்ற எண்ணோடு மஞ்சள் எச்சரிக்கைகள். பிழை வந்து, சில்லே திருத்திக்கொண்டதன் தடயம். 130இல் நீலத்திரை. முதல் எச்சரிக்கையிலிருந்து பதினைந்து பின்வாங்கி 105இல் நிறுத்தினார். வாட் அதே 45தான். வேகம் 3.4.

எனக்கு மெல்பர்னின் சயன்ஸ்வொர்க்ஸ் காட்சியகத்தில் இருக்கும் சிசிராக் நினைவுக்கு வந்தது. 1949 நவம்பரில் சிட்னியில் முதல் நிரலை ஓட்டிய கணினி. சுமார் 2,000 வால்வுகள், 30 கிலோவாட் மின்சாரம். அமெரிக்காவில் அதே காலத்து வேர்ல்விண்டு கணினியில், வேண்டுமென்றே வோல்டேஜை ஏற்றி இறக்கி, சாகப்போகும் வால்வை முன்கூட்டியே கண்டுபிடிப்பார்கள். விளிம்பு எங்கே என்று தொட்டுப் பார்க்கும் வேலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

அடுத்து வந்தவர் ஒரு நர்ஸ். பதினோராம் தலைமுறை லேப்டாப். நிரலில் வோல்டேஜ் பெட்டி பூட்டிக் கிடந்தது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். நிர்வாகி உரிமை கிடைத்த ஒருவர், இதே வோல்டேஜ் கதவு வழியாக, இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற காப்பறைக்குள் நடக்கும் கணக்கையே பிழையாக்கலாம் என்று காட்டினார்கள். அதன்பின் பயாஸ் புதுப்பிப்புகளில் கதவு சாத்தப்பட்டது. ஆபத்து உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் எஸ்ஜிஎக்ஸைத் தொடாத ஒரு வீட்டுக் கணினிக்காரரிடம், விவரத்தைச் சொல்லித் திறந்துகொள்ளும் தெரிவையாவது விட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். சில மாடல்களில் விட்டிருக்கிறார்கள். இதில் இல்லை.

"இதுக்கு என்னால துப்புரவு மட்டும்தான் செய்யேலும், அக்கா" என்று சொல்லி அதற்கான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மாணவனின் லேப்டாப்பை அன்று கொடுக்கவில்லை. சுமையில் தாக்குப்பிடிப்பது, சும்மா இருக்கும்போது சரிந்துவிடலாம். கீழ் வேகத்துக்குரிய வோல்டேஜும் சேர்ந்தே குறைந்திருக்கிறது அல்லவா? ஆகவே இரவு முழுக்க வெறுமனே விட்டுவைத்தார். ஞாயிறு காலை நான் போனபோது மூடியைச் சாத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, திறந்தார். மறுபடி சாத்தினார். ஏழாவது முறைக்குப் பிறகு பதிவேட்டைப் பார்த்தார். புதிதாக ஒரு வரியும் இல்லை. நிரலைத் தானாகத் தொடங்கவைத்துவிட்டு, வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றில் "-105, கோர், கேஷ்" என்றும் தேதியும் எழுதி அடிப்பக்கம் ஒட்டினார்.

"சில்லுக்கும் வயசு போகும். ரெண்டு வருசத்தில இது 95 கேட்கலாம். அப்ப கொண்டு வா எண்டு சொல்லோணும்" என்றபடி கைபேசியை எடுத்துப் பையனை அழைத்தார்.