பதினோரு வீட்டு பீர், ஒரே பீப்பாய்

வீட்டில் பீர் காய்ச்சுவது அமெரிக்காவில் ரொம்ப சாதாரணமான பொழுதுபோக்கு. கேரேஜில் ஒரு அண்டா, கொஞ்சம் மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிடும். 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் இதற்கு வழிவிட்டது. ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்களாவது இருந்தால் 200 கேலன் வரை வரி கட்டாமல் காய்ச்சலாம். விற்க மட்டும் கூடாது. (அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை முறைத்துக்கொண்டே நின்றன என்பது தனிக்கதை.)

சரி, பீப்பாய்க்கு வருவோம். பர்பன் விஸ்கி என்று பெயர் வைக்க வேண்டுமானால், உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பர்பன் இருந்த பீப்பாய் அடுத்த பர்பனுக்கு உதவாது. அதனால் கென்டக்கியில் காலிப் பீப்பாய்கள் குவிந்துகொண்டே இருக்கும். ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்கள் வாங்குவார்கள், பீர்க்காரர்களும் வாங்குவார்கள். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் 1990களில் கெட்டியான கருப்பு ஸ்டவுட் பீரை இப்படி ஊறவைத்துப் பெயர் வாங்கியது. வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

வந்தது. ஆனால் பீப்பாய் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். வீட்டு அண்டாவில் ஒரு தடவைக்கு வருவது 19 லிட்டர். ஆகவே கூட்டணி! பத்து பதினோரு பேர் ஒரே செய்முறைப்படி அவரவர் வீட்டில் காய்ச்சி, யாராவது ஒருவர் வீட்டு நிலவறையில் இருக்கும் பீப்பாயில் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதினோரு பேரில் ஒருவர் ஒரு குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒட்டியிருந்த பாக்டீரியா 200 லிட்டரையும் புளிக்க வைத்துவிடும். அப்புறம் யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எனவே கொட்டும் முன்பே ஒவ்வொருவருடையதையும் எல்லோரும் சுவைத்துப் பார்ப்பார்கள். இந்த முழு விளையாட்டிலும் கஷ்டமான இடம் இதுதான். இரவெல்லாம் விழித்துக் காய்ச்சி, காரில் பத்திரமாகக் கொண்டுவந்த நண்பரிடம் "உங்களுடையது வேண்டாமே" என்று யார் சொல்வது? சங்கடப்பட்டுச் சும்மா இருந்தால் மற்ற பத்துப் பேரின் உழைப்பும் சாக்கடைக்குப் போகும்.

கொட்டியாயிற்று. மாதங்கள் ஓடுகின்றன. மரத்தின் வழியாக பீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், காற்று உள்ளே வரும். மேலே இருக்கும் அடைப்பை அடிக்கடி திறந்தால் இன்னும் காற்று போய், வினிகர் ஆக்கும் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். அப்படியானால் சுவைப்பது எப்படி? கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் மதுவாலையைச் சேர்ந்த வின்னி சிலுர்சோ பெயரால் வழங்கும் ஒரு தந்திரம் உண்டு. பீப்பாயின் வட்ட முகத்தில் சின்னத் துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகு ஆணியை அடித்துவிட வேண்டும். ஆணியை உருவினால் பீர் நூலாகப் பாயும். கிளாஸைப் பிடித்து, மறுபடி ஆணியைச் செருகிவிடலாம். அவ்வளவுதான்!

அந்தக் கிளாஸில் வெனிலாவும் தேங்காய் வாசனையும் வந்தால் அது ஓக் தந்தது. ஈர அட்டை வாசனை என்றால் காற்று பட்டுவிட்டது. புளித்தால், தயிர்ப் புளிப்பா வினிகர் புளிப்பா என்று பார்க்க வேண்டும். தயிர்ப் புளிப்பு என்றால் லாக்டோபாசில்லஸ், நம் தோசை மாவில் வேலை செய்கிற கூட்டம்தான். மாவில் இருந்தால் நல்ல பிள்ளை, ஸ்டவுட்டில் வந்தால் வில்லன் :-)

நாக்கு "சரி" சொன்னாலும் உடனே பாட்டிலில் அடைக்கக் கூடாது. ஹைட்ரோமீட்டரும் தலையாட்ட வேண்டும். போன மாதம் 1.028, இந்த மாதம் 1.024 என்றால் உள்ளே யாரோ இன்னும் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். பீர் அடர்த்தியில் 0.001 இறங்கினால், பீரின் அளவில் ஏறக்குறைய பாதி அளவுக்கு கரியமில வாயு கிளம்பும். நுரைக்காக எப்படியும் 19 லிட்டருக்கு 100 கிராம் போல சோளச் சர்க்கரை சேர்ப்பார்கள். ஆக இரண்டும் சேர்ந்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில் கண்ணில் பாயும் சமாச்சாரம் இது, விளையாட்டில்லை. அளவு அசையாமல் நின்ற பிறகுதான் அடைப்பது. அப்போதும் புது ஈஸ்ட் கொஞ்சம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலில் பல மாதம் கிடந்த பழைய ஈஸ்ட் சோர்ந்துபோயிருக்கும்.

இத்தனையும் செய்தாலும் தப்பலாம் என்று உத்தரவாதம் இல்லை. 2015இல் கூஸ் ஐலண்ட் வெளியிட்ட பீப்பாய் பீர்களில் சில, பாட்டிலுக்குள் போன பிறகு புளித்தன. நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது, அடுத்த வருடத்திலிருந்து சூடாக்கிக் கிருமி நீக்க ஆரம்பித்தது. ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி. நிலவறைக் கூட்டணிக்கு அந்த இயந்திரமும் கிடையாது. அதனால் விவரமானவர்கள் சில பாட்டில்களைக் கதகதப்பான இடத்தில் தனியாக வைத்து, சில வாரம் கழித்துத் திறந்து பார்ப்பார்கள். மீதியைக் கொண்டாட்டத்துக்கு எடுப்பது அதற்கப்புறம்தான்.

பாட்டிலில் அடைக்கும் நாளில் இன்னொரு அவசரமும் உண்டு. காலியான பீப்பாய் காய்ந்தால் பலகைகள் சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும். ஆகவே ஒரு பக்கம் மூடி அழுத்திக்கொண்டிருக்கும்போதே, மறுபக்கம் பதினோரு பேரும் அடுத்த பீரைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள், மறுபடி ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்க்க.