வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட கோப்பு



பிறருக்குப் பாடம் சொல்லியே பழகிய நான் இன்று என் தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். நம் இல்லங்களில் எவருக்கும் இது நிகழக்கூடும் என்பதால் வெட்கத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

அச்சரப்பாக்கத்தில் மாலை நேர மக்தப் ஒன்றில் பாடம் நடத்துகிறேன். அஸருக்குப் பின் சிறுவர்கள், மஃரிபுக்குப் பின் சற்றுப் பெரிய பிள்ளைகள். என்னிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் இப்போது வளைகுடா நாடொன்றில் கணினித் துறையில் பணிபுரிகிறார். அரபு எழுத்துகள் தொண்டையிலும் நாவிலும் பிறக்கும் இடங்களைப் பிள்ளைகள் கேட்டுப் பழகுவதற்கென்று அவர் தம் ஓய்வு நேரத்தில் சிறு மென்பொருள் ஒன்றை உருவாக்கினார். ஐனுக்கும் ஹம்ஸாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் நாவுகளுக்குப் பழக்குவதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அதனால் "மெயில்ல அனுப்பியிருக்கேன் ஹஜ்ரத், லேப்டாப்ல போட்டுப் பாருங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதன்று.

அஞ்சல் வரவில்லை. இணைத்த கோப்பினால் பாதுகாப்புக்கு ஆபத்து நேரலாம் என்ற குறிப்போடு அது அவருக்கே திரும்பிச் சென்றிருந்தது. இருவருக்கும் மனவருத்தம். அல்லாஹ்வின் வேதத்தை ஓதக் கற்கும் பிள்ளைகளுக்கான கோப்பில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது? கோப்பின் பெயர் அரபியில் இருந்ததால், நம் பெயரைப் பார்த்துத்தான் நிறுத்திவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். நம்மவர் உள்ளத்தில் இந்த எண்ணம் எளிதில் எழுந்துவிடுகிறது. வேறு இடங்களில் அதற்குக் காரணங்களும் உண்டு. இங்கே இல்லை.

உண்மை மிகச் சாதாரணமானது. படம் என்பது பார்ப்பதற்கு, பிடிஎஃப் என்பது படிப்பதற்கு. ஆனால் 'இஎக்ஸ்இ' என்று முடியும் கோப்பு, திறந்தவுடன் கணினிக்குள் தானே வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்த வேலை நல்லதா கெட்டதா என்பதைத் திறப்பதற்கு முன் நம்மால் அறிய இயலாது. ஆகவே ஜிமெயில் போன்ற சேவைகள் இஎக்ஸ்இ, பேட், விபிஎஸ், ஏபிகே முதலிய வகைகளை, யார் அனுப்பினாலும், எந்த மொழியில் பெயர் இருந்தாலும், முற்றாகவே மறுத்துவிடுகின்றன. 2017 பிப்ரவரியில் ஜேஎஸ் என்ற வகையும் அப்பட்டியலில் சேர்ந்தது. ஜிப் பொதிக்குள் வைத்து அனுப்பினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத் தடுத்துவிடும். என் மாணவர் ஜிப் பொதிக்குக் கடவுச்சொல் போட்டும் அனுப்பிப் பார்த்தார். சாதாரண ஜிப் பூட்டு உள்ளே இருப்பதை மறைக்குமே தவிர, உள்ளே இருப்பவற்றின் பெயர்களை மறைக்காது. அதுவும் திரும்பி வந்தது.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு மே 4 அன்று பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. 'ஐ லவ் யூ' என்பது தலைப்பு. இணைப்பாக ஒரு காதல் கடிதம்! வெறும் எழுத்துக் கோப்பு போலவே அதன் பெயர் தெரிந்தது. பெயரின் கடைசியில் இருந்த விபிஎஸ் என்ற மூன்றெழுத்தை விண்டோஸ் வழக்கப்படி மறைத்துவிட்டது. திறந்தவர்களின் படங்களை அது அழித்தது. அவர்களுடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும், அவர்களுடைய பெயராலேயே, தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. வெளியே ஒரு பெயர், உள்ளே வேறொரு செயல் என்றால் நம் பிள்ளைகள் அதற்கு ஒரே சொல்லில் பெயர் வைத்துவிடுவார்கள்: நிஃபாக். பிரிட்டன் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. அதை எழுதிய இளைஞரைத் தண்டிக்க அந்நாட்டில் அப்போது சட்டமே இல்லை. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதே ஆண்டு அக்டோபர் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்த மே மாதச் சேதத்திற்குப் பிறகே, அடுத்த மாதமே, மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்கில் இத்தகைய கோப்புகளைத் தடுக்கும் மாற்றத்தை வெளியிட்டது.

அந்தக் கோப்பு ஒவ்வொருவருக்கும் அறிமுகமானவர் ஒருவரின் பெயரில்தான் போய்ச் சேர்ந்தது. இதை அப்போதே என் மனத்தில் இருத்தியிருக்க வேண்டும்.

என் மாணவர் கடைசியில் கோப்பை டிரைவில் ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்பினார். பதிவிறக்கும்போது ஓர் எச்சரிக்கை வந்தது, தள்ளிவிட்டேன். திறக்கும்போது விண்டோஸ் நீலத் திரை காட்டி நிறுத்தியது. "'மோர் இன்ஃபோ'ன்னு இருக்கும், அதைத் தொடுங்க. அப்புறம் 'ரன் எனிவே'யை அழுத்துங்க ஹஜ்ரத்" என்றார் அவர். அழுத்தினேன். மென்பொருள் திறந்தது. பிள்ளைகள் குதூகலித்தார்கள். அவர் எழுதிய மென்பொருள் என்பதை அவர் வாயாலேயே கேட்டறிந்திருந்தேன், ஆகவே அதில் தீங்கு ஏதும் இல்லை. ஆனால் என் விரல் வேறொன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது. எச்சரிக்கை என்பது படிப்பதற்கு உரியதன்று, தாண்டுவதற்கு உரியது என்ற பாடம் அது.

சில மாதங்கள் கழித்து, ஓர் இரவு இஷாவுக்குப் பின், வாட்ஸ்அப்பில் ஒரு நிக்காஹ் அழைப்பு வந்தது. அனுப்பியவர் எனக்கு நன்கு தெரிந்தவர். அவர் வீட்டில் மணப்பருவத்தில் மகனும் இருந்தார். அழைப்பிதழ் படமாக இல்லை, ஏபிகே கோப்பாக இருந்தது. தொட்டேன். இங்கிருந்து செயலிகளை நிறுவ அனுமதி இல்லை என்று கைபேசி நிறுத்தியது. அமைப்புகளுக்குள் சென்று அனுமதித்தேன். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது. கொடுத்தேன். திருமண அழைப்புக்குக் குறுஞ்செய்தி எதற்கு என்று ஒரு கணமேனும் நிறுத்தி யோசித்திருக்கலாம். அழைப்பிதழ் எதுவும் திறக்கவில்லை. ஏதோ பழுது என்று எண்ணிப் படுத்துவிட்டேன்.

இதே சூழ்ச்சியைக் குறித்து 2024 நவம்பரில் இமாசலப் பிரதேசக் காவல்துறை மக்களை எச்சரித்திருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

காலையில் மக்தபின் பணம் 21,500 ரூபாய் கணக்கில் இல்லை. பிள்ளைகளின் மாதக் கட்டணமும், சென்னை மண்ணடியில் குர்ஆன் பிரதிகள் வாங்குவதற்கென்று பெற்றோர் கொடுத்திருந்த தொகையும் அதில் அடக்கம். வங்கியிலிருந்து வந்த கடவு எண்கள் என் கண்ணில் படாமலேயே வேறெங்கோ போய்ச் சேர்ந்திருந்தன. அழைப்பு அனுப்பியவரிடம் கேட்டேன். அவர் எதையும் அனுப்பவே இல்லை; அவருடைய கைபேசியும் அதே வழியில் பிறர் கைக்குப் போயிருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் முதல் தவறைவிடப் பெரியது. இரண்டு நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை. கடன் வாங்கிப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கணக்குப் பார்த்தேன். அமானிதத்தைப் பற்றி வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவன், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க இயலாமல் அந்த இரண்டு மாலையும் பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினேன். மூன்றாம் நாள் வீட்டாரிடம் சொன்னேன். மகள்தான் 1930 என்ற எண்ணைச் சொன்னாள். அழைத்தபோது எதிர்முனையில் முதலில் கேட்கப்பட்டது, பணம் போய் எவ்வளவு நேரமாயிற்று என்பதே. உடனே சொன்னால் பணம் கை மாறி வெளியேறும் முன் வங்கிகளைக் கொண்டு நிறுத்தி வைக்க வழி உண்டாம். இரண்டு நாள் என்று சொல்ல நா எழவில்லை. புகார் பதிவாகியிருக்கிறது. பணம் இதுவரை திரும்பவில்லை.

அந்த வாரம் பாடத்தில் சூரத்துந் நூர் வந்தது என்பது தற்செயலாக இருக்கலாம், அல்லாஹ் அறிந்தவன். பிறர் இல்லத்தில் அனுமதி கேட்டு ஸலாம் உரைக்காமல் நுழையலாகாது என்பதும், திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்பதும் அதன் 27, 28ஆம் வசனங்களின் கருத்து. பலமுறை நடத்திய பாடம்தான். கூடவே அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையும் சொல்வது வழக்கம். உமர் (ரலி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் வராததால் அவர் திரும்பிவிட்டார். ஏன் திரும்பினீர் என்று கேட்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே கற்பித்தார்கள் என்றார். உமர் (ரலி) அவர்கள் அதற்குச் சாட்சி கேட்டார்கள். அன்ஸாரிகளின் சபையிலிருந்து இளையவரான அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) எழுந்து சென்று சாட்சி சொன்னார்.

அபூ மூஸா பொய் சொல்லக்கூடியவர் என்று உமர் நினைக்கவில்லை. அபூ மூஸாவும் தம்மைச் சந்தேகிப்பதாகக் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் தடைப்பட்டது. அந்த நிக்காஹ் அழைப்பைக் கண்ட இரவில், "இது நீங்கள் அனுப்பியதுதானா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாமா என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்டால் தவறாக நினைப்பாரே என்று விட்டுவிட்டேன். தோழர்களிடையே இல்லாத மனக்கூச்சம் நமக்கிடையே எப்படி வந்தது?

ஜுமுஆவுக்குப் பின் ஜமாஅத்தாரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சிலர் கைபேசியைத் திட்டினார்கள், சிலர் காலத்தைத் திட்டினார்கள். முதியவரான முத்தவல்லி மட்டும், "சரி ஹஜ்ரத், பிள்ளைங்களுக்குக் குர்ஆன் எப்ப வாங்கப் போறீங்க?" என்று கேட்டார். ஐந்து தவணைகளில் என் சம்பளத்திலிருந்து ஈடு செய்ய ஒப்புக்கொண்டேன். மூன்று முடிந்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். மக்தபின் கணக்கை இப்போது என் கைபேசியிலிருந்து பிரித்து, இருவர் ஒப்புதலின்றிப் பணம் எடுக்க இயலாதபடி மாற்றியிருக்கிறோம்.

என் மாணவருக்கும் விஷயத்தைச் சொன்னேன். மிகவும் வருந்தினார், எச்சரிக்கையைத் தாண்டச் சொல்லிக் கொடுத்தது தாம்தானே என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. சென்ற வாரம் தம் மென்பொருளைப் பிரித்து, எழுத்துகளைப் பிடிஎஃப்பாகவும் ஒலிகளைத் தனித்தனி எம்பி3 கோப்புகளாகவும் ஆக்கினார். ஜிமெயிலில் ஓர் அஞ்சலுக்கு 25 எம்பிதான் எல்லை என்பதால் மூன்று அஞ்சல்களாகப் பிரித்து அனுப்பினார். அனுப்புவதற்கு முன் அழைத்துச் சொன்னார். வந்ததும் நான் அழைத்து, எத்தனை கோப்புகள், என்ன பெயர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தேன். "என்ன ஹஜ்ரத், என் மேலயே சந்தேகமா?" என்று சிரித்தார். அபூ மூஸாவின் கதையை அவருக்கு நினைவூட்டினேன். நான் நடத்திய பாடம்தான், அவர் மறந்திருந்தார்.

மூன்று அஞ்சல்களும் தடையின்றி வந்திருந்தன. இன்று மாலை பிள்ளைகள் ஐன் எழுத்தில் இருக்கிறார்கள்.