ஒரே ஆபரேஷன்... இரண்டு வீடுகள்!

மதுரையில் ஓர் அக்கா, தம்பி. அக்காவுக்கு 42 வயது, பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பிக்கு 38, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தவர் அவர்களுடைய அப்பா. அந்தக் கடைசி இரண்டு வருடங்களை அருகிலிருந்து பார்த்த பயம் இருவருக்கும் உண்டு.

அக்கா 104 கிலோ. தம்பி 140 கிலோ. நடைப்பயிற்சி, பேலியோ, பட்டினி எல்லாம் முயன்று தோற்ற பிறகு, ஒரே வாரத்தில், ஒரே டாக்டரிடம் எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்டார்கள். இரண்டு பேருக்குமே 'ஸ்லீவ்' முறைதான். இரைப்பையின் முக்கால் பாகத்தை நீக்கிவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள்.

ஆபரேஷன் ஒன்றுதான். ஆனால், தேறி வந்த பாதை ஒன்றாக இல்லை.

வித்தியாசம் மருத்துவமனையிலேயே தொடங்கிவிட்டது. அக்காவுக்கு இரண்டு நாள்களாகக் குமட்டல் நிற்கவில்லை. மயக்க மருந்துக்குப் பிறகு வரும் குமட்டலும் வாந்தியும் பெண்களுக்கு அதிகம் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். தம்பிக்குக் குமட்டல் இல்லை. ஆனால், ரத்த அழுத்தமும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்னையும் இருந்ததால், முதல் இரவு ஐ.சி.யூ-வில் கழிந்தது. "ஆம்பளைங்க பெரும்பாலும் எல்லாம் முத்தின பிறகுதான் எங்ககிட்ட வர்றாங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வித்தியாசம்.

முதல் இரண்டு வாரம் திரவ உணவு மட்டும்தான், அதுவும் வாய் வாயாக. தம்பியின் மனைவி ஃப்ரிட்ஜ் மேல் அட்டவணை ஒட்டினார். பருப்புத் தண்ணீர், மோர், புரோட்டீன் பவுடர் எல்லாம் நேரத்துக்கு வந்தன. மாத்திரைகள் உள்ளங்கைக்கே வந்தன. தம்பி விழுங்கினார், நடந்தார், தூங்கினார்.

அக்கா வீட்டில் முதல் வாரம் கணவர் சமைத்தார். "அப்பா, சாம்பார்ல உப்புத் தூக்கலா இருக்கு" என்றாள் ப்ளஸ் டூ படிக்கும் மகள். எட்டாவது நாள் அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். குறைந்தது ஒரு மாதத்துக்கு கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். 12-வது நாள் மாவுச் சட்டியைத் தூக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் 'தூக்கு' என்று சொல்லவில்லை. யாரும் 'தூக்காதே' என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் எடை பார்த்தார்கள். தம்பி 31 கிலோ குறைந்திருந்தார். அக்கா 16 கிலோ. "தம்பியப் பாரு, எப்படி இளைச்சிட்டான். நீ என்னத்தப் பண்ற?" என்றார் அம்மா. அன்றிரவு அக்கா யாருக்கும் தெரியாமல் அழுதார்.

"கிலோவைக் கிலோவோட ஒப்பிடாதீங்க" என்றார் டாக்டர். "ஆண்களுக்குத் தசை அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தாலே அவங்க உடம்பு அதிகமா எரிக்கும். அவர் ஆரம்பிச்ச எடையும் அதிகம். நீங்க உங்க பழைய எடையைத்தான் பார்க்கணும்."

டயட்டீஷியன் வேறொன்று கேட்டார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்கு?"

மகளின் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது என்று அக்காவுக்குத் தெரியும். கணவர் இரவு எத்தனை தோசை சாப்பிட்டார் என்று தெரியும். தான் சாப்பிட்டதை மட்டும் சொல்லத் தெரியவில்லை. கிடைத்த நேரத்தில், நின்றபடியே, மிச்சமிருந்ததில் இரண்டு வாய். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதில் பாதிகூடத் தேறவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1. அக்காவுக்கு மாதவிடாயில் எப்போதுமே உதிரப்போக்கு அதிகம். இரைப்பை சிறுத்து அமிலம் குறைந்துவிட்டால், உடம்பு இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வதும் குறையும். போதாக்குறைக்கு, நேரமில்லை என்று இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கடைசியில் இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள்.

முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்கள் அப்படி ஆவது ஆண்களுக்கும் உண்டு. ஒட்ட வெட்டிய தலையில் அது தெரிவதில்லை. ஊர் தம்பியைப் பார்த்து, "மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டப்பா" என்றது. அக்காவைப் பார்த்து, "உடம்புக்கு என்னம்மா, ஏதாச்சும் சீக்கா?" என்றது.

டயட்டீஷியனின் கேள்வி கணவரை உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் காலை முட்டையை அவரே வேகவைத்து, "நீ சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்கு" என்று தட்டை நீட்டினார். மாவுச் சட்டி மகள் பொறுப்பானது. சாம்பாரில் உப்பு இன்னும் முன்னே பின்னேதான். இப்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

இதோடு முடிந்திருந்தால், இது அக்காவின் கதை மட்டும்தான். ஆனால், பத்தாவது மாதம் தம்பி விழுந்தார்.

குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு. பழைய நண்பர்கள் கிளாஸை நீட்டினார்கள். முன்பு நான்கு ரவுண்டு தாங்கியவர், இரண்டாவதிலேயே நினைவில்லாமல் சரிந்தார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மது சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும். மருத்துவமனையில் சோதித்தபோது வைட்டமின் பி12-ம் அடிமட்டத்தில் இருந்தது. மனைவி தங்கையின் பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த இரண்டு மாதமும் தம்பி மாத்திரையே போடவில்லை. அதற்கு முன்பும் அரைகுறைதான். என்ன மாத்திரை என்று கேட்டால் அவருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்றார் அக்கா.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "திங்கிறதுக்கும் குடிக்கிறதுக்கும்தான்க்கா நாங்க கூடுவோம். அது ரெண்டும் இல்லைன்னா நான் எங்க போய் உட்காருவேன்? இதை யார்கிட்ட சொல்றது?" என்றார்.

அக்காவுக்கு அன்றுதான் புரிந்தது. தன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவர் சரிந்தார். பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததாலேயே, தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் தம்பி சரிந்தார்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்காக அந்த மருத்துவமனையில் மாதம் ஒரு கூட்டம் நடக்கும். வருபவர்களில் பெண்களே அதிகம். முடி, மாத்திரை, மாமியார் என்று எல்லாம் பேசுவார்கள். பி.சி.ஓ.டி இருந்த ஓர் இளம்பெண், "இப்ப பீரியட்ஸ் ஒழுங்கா வருது, குழந்தைக்கு முயற்சி பண்ணலாமா?" என்று கேட்டார். எடை குறையும்போது கரு சீக்கிரமே தங்கக்கூடும் என்பதால், ஒன்றிலிருந்து ஒன்றரை வருடமாவது கருத்தடையோடு காத்திருக்கச் சொன்னார் டாக்டர். ஆண்கள் கதவோரம் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள். அக்கா தம்பியைக் கையோடு இழுத்துப் போனார். மூன்றாவது கூட்டத்தில் தம்பி வாயைத் திறந்து, கிடா வெட்டுக் கதையைச் சொன்னார். கதவோரம் இருந்த இரண்டு பேர் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டார்கள்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அக்கா 74 கிலோ, தம்பி 89. அம்மா இப்போதெல்லாம் ஒப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவானால் தம்பி வாரத்துக்கான மாத்திரைகளை டப்பாவில் தானே பிரித்து அடுக்குகிறார். அடுக்கியதும் அக்காவுக்கு போன்.

"மாத்திரை எடுத்து வெச்சுட்டேன்க்கா. நீ சாப்ட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்டா. உட்கார்ந்து."